தாழ்ப்பாளைத் திறப்பது எப்படி?

கேள்வி: கால்பந்தில் எதிரணி மொத்தமும் தன் கோல் முன்னால் கூடி நின்றுகொண்டால், எந்த ஃபார்மேஷன் எடுபடும்?

பதில்: 3-2-5. ஆனால் தொடக்கத்திலேயே அப்படி நிற்க வேண்டாம். 4-3-3-ல் இறங்குங்கள். பந்து நம் காலுக்கு வந்ததும் ஐந்து பேர் முன்னால் போகட்டும்.

கேள்வி: அது என்ன கணக்கு, ஐந்து?

பதில்: மைதானத்தை நீளவாக்கில் ஐந்து தடங்களாகப் பிரித்து, தடத்துக்கு ஒருவரை நிறுத்துங்கள். எதிரே டிஃபென்டர்கள் பெரும்பாலும் நால்வர். அவர்களில் ஓரத்தில் நிற்பவர் விங்கரை மறிக்க ஓடினால், அவருக்கும் சென்டர் பேக்குக்கும் நடுவே சந்து விழும். ஓடாவிட்டால் விங்கர் தனியாக நிற்பார். அவர்களும் ஐந்து பேரை நிறுத்தினால் நடுக்களத்தில் ஆள் குறையும். பாக்ஸ் விளிம்பில் நமக்கு இடம் கிடைக்கும். 2023 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் இன்டர் மிலானின் 3-5-2 அணியை மான்செஸ்டர் சிட்டி உடைத்தது இப்படித்தான். சென்டர் பேக் அகாஞ்சி முன்னேறி வந்து பந்தைக் கொடுக்க, பெர்னார்டோ சில்வா அதைப் பின்னோக்கி இழுத்துவிட, ஓடி வந்த ரோட்ரி 68-வது நிமிடத்தில் அடித்தார். ஆட்டத்தின் ஒரே கோல் அது.

கேள்வி: இந்த 3-2-5 சிட்டியின் அப்போதைய பயிற்சியாளர் கார்டியோலாவின் கண்டுபிடிப்பா?

பதில்: 1925-ல் ஆஃப்சைடு விதி மாறிய பிறகு ஹெர்பர்ட் சாப்மன் பயிற்றுவித்த ஆர்சனல் ஆடிய டபிள்யூ-எம் அமைப்பை எடுத்துப் பாருங்கள். பின்னால் மூவர், அவர்களுக்கு முன் இருவர், முன்னணியில் ஐவர்.

கேள்வி: பொறுமையாகப் பாஸ் கொடுத்துக்கொண்டே இருந்தால் கதவு தானாகத் திறக்காதா?

பதில்: திறக்காது. 2018-ல் ரஷ்யாவிடமும் 2022-ல் மொராக்கோவிடமும் உலகக் கோப்பையில் ஸ்பெயின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாஸ்கள் கொடுத்தது. இரண்டிலும் பெனால்டி ஷூட்அவுட்டில் தோற்றது. மொராக்கோவுக்கு எதிராக 120 நிமிடத்தில் ஒரு கோல்கூட இல்லை. ஒரு டிஃபென்டரையாவது இடம்பெயர்க்காத பாஸ், எதிரணிக்கு நாம் கொடுக்கும் ஓய்வு.

கேள்வி: அப்படியானால் உயரமாக கிராஸ் போட்டுத் தள்ளலாமே?

பதில்: நெடிய சென்டர் பேக்குகள் காத்திருப்பதே அதற்குத்தான். கோல் கோடு வரை போய், பந்தைத் தரையோடு பின்னோக்கி இழுத்துவிடுங்கள். தன் கோலை நோக்கி ஓடுகிற டிஃபென்டருக்குப் பின்னால் வருகிறவன் தெரியமாட்டான். 1967 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம், லிஸ்பன். எதிரே பயிற்சியாளர் ஹெர்ரெராவின் இன்டர் மிலான். அவர்களுடைய ஆட்டமுறைக்குப் பெயரே 'கத்தெனாச்சியோ', அதாவது தாழ்ப்பாள். 7-வது நிமிடத்தில் பெனால்டியில் கோல் போட்டுவிட்டு முன்னிலையோடு பின்வாங்கினார்கள். ஜாக் ஸ்டீன் பயிற்றுவித்த செல்டிக் அலை அலையாக ஏறியது. 63-வது நிமிடத்தில் வலது ஃபுல்பேக் ஜிம் கிரெய்க் பந்தைப் பின்னால் தள்ளிவிட, பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடித்து கோலாக்கியவர் இடது ஃபுல்பேக் டாமி ஜெம்மெல். கொடுத்தவரும் அடித்தவரும் ஃபுல்பேக்குகள்! ஃபார்வர்டுகளைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இவர்களை எப்படிப் பிடிப்பார்கள்? கடைசியில் 2-1, செல்டிக் வெற்றி. தற்காப்பை உடைப்பதற்குப் பாடம் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டும் ஆட்டம் இது.

கேள்வி: எல்லோரும் ஏறிப்போனால் கவுன்ட்டர் அட்டாக்கில் மாட்ட மாட்டோமா?

பதில்: 3-2-5-ல் அந்த 3-2, அதாவது பின்னால் நிற்கும் ஐவர், இருப்பது அதைத் தடுக்கத்தான். தடுக்கத் தவறினால் என்ன ஆகும்? 2012 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் பார்சிலோனா 2-0 என்று முன்னிலை. செல்சியிடம் பத்துப் பேர்தான். முதல் பாதி முடிகிற நேரத்தில் ராமிரெஸ் பாய்ந்து வந்து ஒரு கோல். இரு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் பார்சிலோனா வெளியேறியது.

கேள்வி: நான் பள்ளி அணிப் பயிற்சியாளர். எங்களிடம் மெஸ்ஸி இல்லையே?

பதில்: மைதான ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு இருக்கிறதல்லவா? இரண்டு விங்கர்களையும் அந்தக் கோட்டை மிதித்தபடி நிற்கச் சொல்லுங்கள். ஒரே தடத்தில் இருவர் நிற்கக் கூடாது. ஒரு பக்கம் நாலு பாஸ் போனால், ஐந்தாவது மறுபக்கம் வேகமாகப் போக வேண்டும். நாளைக் காலைப் பயிற்சியில் இதை மட்டும் செய்து பாருங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.