எருமை போட்ட டவுன் பிளான்

ராஃபிள்ஸ் துரைக்குக் கோடு கிழிப்பதென்றால் கொள்ளைப் பிரியம். 1822இல் சிங்கப்பூர் வரைபடத்தை விரித்து, சீனர் இங்கே, வெள்ளைக்காரர் அங்கே, சூலியாக்கள் என்ற தென்னிந்திய முஸ்லிம்கள் ஆற்றின் மேல்பக்கம் என்று லெப்டினன்ட் ஜாக்சனை விட்டுப் பங்கு பிரித்தார். மறு வருஷம் கப்பலேறியவர், ஊர் சொன்னபடி கேட்டதா என்று பார்க்கத் திரும்பவே இல்லை. நல்லதாய்ப் போயிற்று, நெஞ்சு வெடித்திருக்கும்.

அவரோடு 1819இல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, செங்கல் சூளை போட்டவர், கோயிலுக்கு இடம் கேட்டார். தெலோக் ஆயரில் கொடுத்தார்கள்; நல்ல தண்ணீர் இல்லை. அடுத்த இடம் டவுன் பிளானுக்கு ஒத்துவரவில்லை. கடைசியில் சவுத் பிரிட்ஜ் ரோட்டில், 1827இல், மாரியம்மன் கூரைக் கொட்டகையில் குடியேறினாள். இன்றைக்கு அது சைனாடவுனின் நட்டநடு. சூலியாக்களின் பள்ளிவாசலும் அங்கேயே, கூப்பிடு தூரத்தில்.

அப்படியானால் லிட்டில் இந்தியாவை உண்டாக்கியது யார்? எந்தத் துரையும் இல்லை, எருமைதான். ரோச்சோர் ஆற்றோரம் புல்லும் தண்ணீரும் தாராளம். கல்கத்தாவிலிருந்து வந்த யூதர் பெலிலியஸ் போன்றவர்கள் சிராங்கூன் சாலையில் மாட்டு வியாபாரம் நடத்த, மேய்க்கவும் கறக்கவும் வந்த நம்மவர்கள் மாட்டுக்குப் பின்னாலேயே குடிவந்தார்கள். அந்த உபகாரத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பஃபலோ ரோடு, மலாயில் ஒரு கெர்பாவ் ரோடு. கிளைவ், ஹேஸ்டிங்ஸ், டல்ஹவுசி மூவருக்கும் இதே பேட்டையில் ஆளுக்கொரு தெருதான். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்: இந்தியாவை விழுங்கிய அந்தப் பெயர்ப்பலகைகளுக்கு அடியில் கட்டட வேலைக்கு வந்த பையன்கள் உட்கார்ந்து, ஊரில் அம்மாவிடம் வீடியோ காலில் சாப்பிட்டாச்சு என்று சத்தியம் செய்துகொண்டிருப்பார்கள்.

லிட்டில் இந்தியா என்றால் எல்லோரும் படம் எடுப்பது கெர்பாவ் ரோட்டின் பல வண்ண வீட்டைத்தான். கட்டியவர் டான் டெங் நியா என்ற சீன மிட்டாய் வியாபாரி, 1900இல்.

இதே பேட்டையின் ரேஸ் கோர்ஸ் ரோட்டிலிருந்து குதிரைகள் 1933இல் புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டன. இப்போது அங்கே ராஜ்ஜியம் மீன் தலைக் கறிக்கு. மலையாளி கோமஸ், சீன வாடிக்கையாளருக்கு மீன் தலை மேல் உள்ள ஆசையைப் பார்த்து, நம்ம மசாலாவில் கொதிக்கவைத்தது. வாழை இலையில் ஊற்றிக்கொண்டு சாப்பிடும்போது கண்ணைப் பார்க்காதீர்கள். பக்கத்து மேஜைச் சீனத் தாத்தா அதைத்தான் முதலில் எடுப்பார்.