திருடன் மட்டும் தமிழில் பேசுகிறான்

பத்து வருடத்துக்கு முன்னால் நாம் எல்லோரும் சிரித்தோம். "சார், பேங்க் மேனேஜர் பேசுறான். உங்க ஏடிஎம் கார்டு பிளாக் ஆச்சு. கார்டு மேல பதினாறு நம்பர் சொல்லு சார்" என்று அரைகுறைத் தமிழில் ஒரு குரல் வரும். நம் பையன்கள் அவனை அரைமணி நேரம் கலாய்ப்பார்கள். அதை ரெக்கார்டு செய்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவார்கள். ஊரே வயிறு குலுங்கச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அந்த நேரத்தில் தமிழ் படித்துக்கொண்டிருந்தான்.

இன்று அவன் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். "வணக்கம் ஐயா, சாப்பிட்டீங்களா? ரெண்டு நிமிஷம் பேசலாமா?" திருச்சிக்காரருக்குத் திருச்சித் தமிழ், கோவைக்காரருக்கு ஒரு 'ங்க' கூடுதல். நம் வங்கிக் கிளையிலோ கவுண்டரில் இருக்கும் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து கொண்டுவந்து உட்காரவைத்தவர்கள், இங்கே வரிசையில் நிற்கும் கிழவிக்கு என்ன மொழி தெரியும் என்று யோசிக்கவில்லை. வாடிக்கையாளரின் மொழியைக் கற்றுக்கொள்வது தொழில் தர்மம் என்றால், அந்தத் தர்மத்தைக் கடைப்பிடிப்பவன் திருடன் ஒருவன்தான்.

எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே ஃபிட்டர் மாமா. மத்திய அரசுப் பென்ஷன்காரர்கள் நவம்பர் பிறந்தால் தாங்கள் இன்னும் சாகவில்லை என்று சான்றிதழ் கொடுக்க வேண்டும். முழங்கால் தேய்ந்த மாமாவுக்கு வங்கிப் படியேறுவதே ஒரு யாத்திரை. இந்த நிலையில் ஒரு காலைப்பொழுதில் போன் வந்தது.

பேசியவன் மாமாவின் பெயரைச் சொன்னான். பென்ஷன் எண்ணைச் சொன்னான். மாமா ஓய்வு பெற்ற தேதியையும் சொன்னான். அதை மாமியே சட்டென்று சொல்லமாட்டார். "நீங்க எதுக்கு ஐயா வெயில்ல அலையணும்? வீட்டிலிருந்தே முடிச்சுக் குடுத்திடறேன்" என்றான். வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வந்தது. பெயரின் கடைசியில் ஏபிகே என்ற மூன்றெழுத்து. மாமா தட்டினார். அசோகச் சின்னம் போட்ட படிவம் திறந்தது. கணக்கு எண், கார்டு எண் கேட்டது. அரசாங்கப் படிவம் எதைத்தான் கேட்காது? நிரப்பினார். "சான்றிதழ் ஏறிட்டிருக்கு ஐயா, ஒரு ரெண்டு மணி நேரம் போனைத் தொடாதீங்க" என்றான். மாமா அதைப் பத்திரமாக ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு ரசம் சாதம் சாப்பிட்டார். சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்டார். எழுந்தபோது மாமியின் கண் ஆபரேஷனுக்கும் தம் முழங்காலுக்கும் என்று போட்டு வைத்த பிக்சட் டெபாசிட் உடைந்து, நாலரை லட்சம் போயிருந்தது.

மறுநாள் நான்தான் அவரை வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எந்த வங்கி என்று சொல்லமாட்டேன். அவரவர் தம் வங்கியை நினைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் பொருந்தும். மேனேஜர் நிமிராமல் கேட்டார்: "ஓடிபி யாருக்குச் சொன்னீங்க?"

"யாருக்கும் சொல்லலீங்க."

"சொல்லாம எப்படிப் போகும்?"

எப்படிப் போகும் என்பதைத்தான் ஐயா நாங்கள் உங்களிடம் கேட்க வந்தோம். அந்த ஏபிகே ஃபைல் என்பது ஒரு ஆப். போனுக்குள் இறங்கியதும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். 'சரி' என்று ஒரு தட்டு தட்டிவிட்டால், அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு ஓடிபியும் உங்கள் கண்ணில் படுவதற்கு முன்பே அவன் கைக்குப் போய்விடும். யாரும் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. 'ஓடிபியைப் பகிராதீர்கள்' என்று சுவரில் போஸ்டர் ஒட்டி, போனில் மணி அடிக்கும் முன் உபதேசம் ஓடவிட்டு, கடமை முடிந்ததென்று கையைக் கழுவியவர்கள் தயவுசெய்து இந்தச் செய்தியைக் குறித்துக்கொள்ளட்டும். பூட்டைப் பற்றி நீங்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போது அவன் ஓட்டைப் பிரித்து இறங்கிவிட்டான்.

சரி, மாமா ஏன் நம்பினார்? பாடம் நடத்தியதே வங்கிதான். மாதக் கடைசியானால் 'டார்கெட்' முடிக்க இன்சூரன்ஸ் விற்கும் தம்பிகள் யாரோ ஒருவருடைய சொந்த செல்லிலிருந்து கூப்பிடுகிறார்கள். பெயர் சொல்கிறார்கள், இருப்புச் சொல்கிறார்கள், "லிங்க் அனுப்பறேன், தட்டுங்க சார்" என்கிறார்கள். சேவைக்கான அழைப்பு 1600 என்று தொடங்கும் எண்ணிலிருந்துதான் வர வேண்டும், விற்பனைக்கு 140 என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் உத்தரவு போட்டது. கிளையில் மாட்டியிருந்த பதினாலு போஸ்டரில் இது இல்லை. மாமாவின் பென்ஷன் எண்ணை எவனோ எங்கிருந்தோ விற்றிருக்கிறான். அதை யாரும் விசாரிக்கவில்லை. விசாரிக்கப்பட்டவர் மாமா ஒருவர்தான்.

வங்கியின் கம்ப்யூட்டர் தூங்குமூஞ்சி என்று நினைத்துவிடாதீர்கள். குறைந்தபட்ச இருப்பு பத்து ரூபாய் குறைந்தால் நள்ளிரவில்கூட விழித்துக்கொள்ளும். 2020 மார்ச் முதல் 2024 மார்ச் வரை முடிந்த ஐந்து நிதியாண்டுகளில், இருப்புக் குறைந்த ஏழைகளிடம் பொதுத்துறை வங்கிகள் வசூலித்த அபராதம் சுமார் 8,500 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். பத்து ரூபாய்க்கு அவ்வளவு கூர்மையான கண். வாழ்க்கையில் ஒருமுறைகூட ஆன்லைனில் பணம் அனுப்பாத எழுபது வயதுக்காரர் திடீரென்று டெபாசிட்டை உடைத்து, முன்பின் அறியாத ஆறு கணக்குகளுக்கு இருபது நிமிடத்தில் அள்ளி வீசுகிறார். அப்போது மட்டும் அந்தக் கண்ணில் புரை.

அந்த ஆறு கணக்குகள் ஆகாயத்தில் இல்லை. அவையும் இந்தியாவில், ஏதோ ஒரு வங்கியில், ஆதாரும் பான் கார்டும் வாங்கிக்கொண்டு திறக்கப்பட்டவைதான். கல்லூரிப் பையனுக்குக் கொஞ்சம் கமிஷன் கொடுத்து வாடகைக்கு எடுத்த கணக்காக இருக்கலாம். மாமாவின் ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கிறது, பாஸ்புக்கில் பின்னால் இருக்கிறது என்று கேஒய்சிக்கு மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். திருடனின் கணக்கில் மட்டும் எல்லா இனிஷியலும் இருந்த இடத்தில் இருந்திருக்கிறது.

"கஸ்டமர் அலட்சியம், நாங்க பொறுப்பில்ல" என்று மேனேஜர் முடித்தார். 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கை அவர் மேசையிலேயே இருந்திருக்க வேண்டும். தப்பு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வேறெங்கோ இருந்து, மூன்று வேலைநாளுக்குள் புகார் கொடுத்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் ஒரு பைசாவும் கிடையாது. அவருடைய அலட்சியமே காரணம் என்றாலும், புகாருக்குப் பிறகு போவதெல்லாம் வங்கியின் தலையில். பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். 'சொல்லாம எப்படிப் போகும்' என்பது நிரூபணமில்லை, திண்ணைப் பேச்சு.

அசாமில் ஒருவருக்கு இதே கதை. போனில் பேசியவன் சொன்ன ஆப்பை இறக்கினார், 94,204 ரூபாய் போனது, உடனே புகார் கொடுத்தார். ஸ்டேட் பாங்க் பொறுப்பேற்க மறுத்தது. கவுகாத்தி உயர் நீதிமன்றம் பணத்தைக் கொடு என்றது. அந்தத் தொகைக்காக வங்கி உச்ச நீதிமன்றம் வரை போனது. டெல்லி வக்கீல்கள் தர்மத்துக்கு வாதாடுவதில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் வாடிக்கையாளர் பக்கமே நின்றது. திருடனைத் துரத்தக் காட்டாத சுறுசுறுப்பை, திருட்டுக் கொடுத்தவனைத் துரத்துவதில் காட்டினார்கள்.

ஆகவே, பொதுமக்களே, உங்களைக் காப்பாற்ற ஆள் வரும் என்று காத்திருக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகேயைத் தொடாதீர்கள். எந்த அரசு அலுவலகமும் சான்றிதழை அப்படித் தருவதில்லை. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போடத் தேவையே இல்லை. போடச் சொன்னால் அவன் கொடுக்கவில்லை, எடுக்கிறான். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. வீடியோவில் காக்கிச் சட்டை தெரிந்தால் சட்டைக்குள் இருப்பவன் திருடன்தான். பணம் போய்விட்டதென்று தெரிந்தால் அந்தப் போனை அணைத்துவிட்டு, அடுத்தவர் போனிலிருந்து 1930க்கு அடியுங்கள். மறுநாள் வரை அழுதுகொண்டிருக்காதீர்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சொன்னால் பணத்தை வழியில் முடக்க முடியும். வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், 14448.

முக்கியமாக, வெட்கப்படாதீர்கள். 2024இல் மட்டும் இந்த நாட்டில் இணையத் திருட்டில் போனது 22,845 கோடி ரூபாய் என்று அரசே சொல்கிறது. இவ்வளவு பெரிய தொகையை ஏமாளிகளும் முட்டாள்களும் மட்டுமே சேர்ந்து தொலைத்திருக்க முடியாது. வெட்கப்பட வேண்டியவர்கள் ஏசி அறையில் இருக்கிறார்கள்.

மாமாவின் புகாருக்கு வங்கியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. ஆனால் போன வாரம் பாஸ்புக்கில் ஒரு வரி அச்சாகியிருந்தது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னிடம் காட்டி "இது என்ன தம்பி?" என்றார். மூன்று மாத எஸ்எம்எஸ் கட்டணம், ஜிஎஸ்டி சேர்த்து 17 ரூபாய் 70 காசு. பணம் போகும்போது எச்சரித்துச் செய்தி அனுப்புகிறார்களே, அந்தச் சேவைக்கு. எச்சரிக்கை எல்லாம் ஒழுங்காகத்தான் அனுப்பியிருந்தார்கள். திருடன் படித்தான். கூலியை மாமா கொடுத்தார்.