காலிக் கட்டத்தைக் கவனியுங்கள்

கே: 15 எண் நகர்த்தும் புதிரில் எல்லாம் சரியாக வந்துவிட்டது. 14-ம் 15-ம் மட்டும் இடம் மாறி நிற்கின்றன. வழி உண்டா? (சிப்காட் தொழிலாளி, ஓசூர்)

ப: கிடையாது. யாரோ கட்டைகளைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்! காலிக் கட்டம் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப, மேலே போன அளவு கீழேயும், இடப்பக்கம் போன அளவு வலப்பக்கமும் போயாக வேண்டும். ஆக, மொத்த நகர்வு இரட்டைப்படை. ஒவ்வொரு நகர்வும் ஓர் இடமாற்று. இரட்டைப்படை இடமாற்றில் ஒரே ஒரு ஜோடி மட்டும் மாறவே மாறாது. 1879-லேயே ஜான்சனும் ஸ்டோரியும் நிரூபித்துவிட்டார்கள். பின்னாளில் சாம் லாய்டு இதற்கு 1,000 டாலர் பரிசு அறிவித்தார். யாருக்குக் கிடைக்கும்?

கே: ஒழுங்காகக் கலைத்தால் அதிகபட்சம் எத்தனை நகர்வு? (கல்லூரி மாணவி, பர்கூர்)

ப: 80. சுமார் 10.46 லட்சம் கோடி நிலைகளில் 80 நகர்வும் கேட்பவை 17 மட்டுமே.

கே: விளையாட்டு சரி. குடோனில் வேலை செய்யும் எனக்கு இதில் என்ன இருக்கிறது? (சூளகிரி வாசகர்)

ப: நிறைய. ஒரே ஒரு காலி இடம் விட்டு, மீதியெல்லாம் பாலெட் அடுக்கிய தளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூலையில் இருப்பது 5 கட்டம் கீழே, 5 கட்டம் வலப்பக்கம் போக வேண்டும். பாலெட்டுக்கு நேர்கீழே காலி இடம். நேராக இறக்கிவிட்டுத் திருப்பலாம் என்றுதான் தோன்றும். ஆனால் நேராகப் போனால் ஒவ்வோர் அடிக்கும் காலி இடம் பாலெட்டைச் சுற்றிக்கொண்டு முன்னால் வர 4 நகர்வு, பாலெட் நகர 1. கீழே, வலம், கீழே, வலம் எனப் படிக்கட்டாகப் போனால் சுற்ற 2, நகர 1. முதல் வழியில் 44 நகர்வு, இரண்டாவதில் 28. பாலெட் கடந்த தூரம் இரண்டிலும் அதே 10 கட்டம்தான். செலவு முழுக்கக் காலி இடத்தின் நடையில். கெவின் கூ, கிம் இருவரும் 2007-ல் இத்தகைய கிடங்குகளைப் பற்றி ஓர் ஆய்வே எழுதினார்கள்.

கே: கணினிக்கு இது சுலபம்தானே? (கணித ஆசிரியர், தேன்கனிக்கோட்டை)

ப: ஏதோ ஒரு விடை போதுமென்றால் சுலபம். மிகக் குறைந்த விடை என்றால், பலகை பெரிதாகப் பெரிதாகக் கணினியும் திணறும். ராட்னர், வார்முத் 1986-ல் அதைக் காட்டினார்கள். 1985-ல் கோர்ஃப் ஒரு வழி கண்டார்: ஒவ்வோர் எண்ணும் தன் இடத்துக்குக் குறைந்தது எத்தனை கட்டம் நகர வேண்டும் என்று கூட்டி, அதற்கும் குறைவாக விடை இருக்காது என வைத்துத் தேடுவது. வகுப்பில் 3×3 பலகையில் தொடங்குங்கள் ஐயா. அதில் 31 நகர்வுக்கு மேல் எதுவும் தேவைப்படாது. முதலில் அந்தக் கூட்டலை மாணவர்களே போட்டுப் பார்க்கட்டும், பிறகு கட்டையைத் தொடட்டும்.