சர்வர் டவுன், ஆத்தா

நம் மென்பொருள் மேதைகளுக்குக் கைவந்த கலை ஒன்று உண்டு. பிழையைப் பிடித்து, குரல்வளையை நெரித்து, ஓசைப்படாமல் புதைத்துவிடுவது. நிரலில் முயன்று பார்க்க ஒரு ட்ரை, அதன் கீழே பிழையைப் பிடிக்க ஒரு கேட்ச், கேட்சுக்குள் சுத்த சூனியம். நெட்வொர்க் அறுந்ததா, தகவல் தப்பா, டேட்டாபேஸ் செத்ததா, ஒருத்தருக்கும் தெரியாது. திரை மட்டும் பளபளவென்று இருக்கும். டெமோ பார்க்க வந்த அதிகாரி கைதட்டிவிட்டுப் போவார்.

அந்தக் காலி கேட்ச் யார் தலையில் விடிகிறது என்று பார்க்கத் திண்டுக்கல்லுக்கு வாருங்கள். அரம் பிடித்துப் பூட்டு ராவியே ரேகை மழுங்கிய விரல்கள், தோல் ஷாப்பில் சுண்ணாம்பு தின்ற விரல்கள், நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன்னே மல்லிகை பறிக்கும் விரல்கள். எல்லாம் ரேஷன் கடையில் ஆதார் ரேகை பார்க்கும் கருவியின் முன்னால் வரிசையில் நிற்கின்றன.

"ஆத்தா, விரலத் தொடச்சிட்டு வைங்க."

முந்தானையில் துடைத்து வைக்கிறாள்.

"நல்லா அழுத்துங்க."

நகம் வெளுக்க அழுத்துகிறாள். தலையில் தேய்த்து எண்ணெய்ப் பசையோடும் வைத்துப் பார்க்கிறாள்.

"சர்வர் டவுன், ஆத்தா. நாளைக்கு வாங்க."

நாளைக்கு என்றால் இன்னொரு நாள் கூலி போச்சு.

சர்வருக்கு ஒரு கேடும் வந்திருக்காது. ஆதார் ஆணையம் பதில் அனுப்பும்போதே காரணத்துக்கு எண் போட்டு அனுப்புகிறது. ரேகை பொருந்தவில்லையா, 300. ஆதார்காரரே ரேகையைப் பூட்டி வைத்திருக்கிறாரா, 330. ரேகைப் பதிவே அவர்களிடம் இல்லையா, 811. முதலாவதற்கு வேறு விரலோ கருவிழியோ பார்க்கலாம். இரண்டாவதற்குப் பூட்டைத் திறக்கச் சொல்ல வேண்டும். மூன்றாவதற்கு ஆதார் மையத்தில் போய்ப் பதிய வேண்டும். ஆத்தா ஆயுசுக்கும் விரலைத் துடைத்தாலும் பலனில்லை. இத்தனை விவரத்தையும் ஒரே கேட்சில் வாரிச் சுருட்டி, 'ஏதோ தவறு நடந்துவிட்டது, பிறகு முயலவும்' என்று எழுதுகிறானே ஒருவன், அவனைக் கேட்கிறேன்: ஏதோ தவறா? எது என்று கண்டுபிடிக்கத்தானே அய்யா உனக்குச் சம்பளம்!

2017 செப்டம்பரில் ஜார்கண்ட் மாநிலம் சிம்டேகாவில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி செத்துப்போனாள். ஆதார் இணைக்காததால் ரேஷன் அட்டை ரத்தாகி, பட்டினியில் செத்தாள் என்றது குடும்பம். மலேரியா என்றது அரசு. அடுத்த மாதம், அக்டோபர் 24 அன்று, ஆதார் ஆணையம் சுற்றறிக்கை விட்டது. ரேகை விழவில்லை என்று யாருக்கும் பொருளை மறுக்காதே, மாற்று வழியில் கொடு, பதிவேட்டில் எழுது என்று. 'விதிவிலக்குகளைக் கையாள்வது' என்பதுதான் அந்தச் சுற்றறிக்கையின் தலைப்பே. கல்லூரியில் நிரல் எழுதப் படிக்கும் முதலாண்டுப் பையனுக்குச் சொல்லித் தரும் பாடமும் இதுதான். தெரிந்த பிழையைத் தனித்தனியாகப் பிடி. மாற்று வழி இருந்தால் வேலையை முடி. இல்லையென்றால் விழுங்காமல் மேலே அனுப்பு. என்ன, எங்கே, எப்போது என்று எழுதி வை. எங்கள் ஊர்ப் பூட்டுகூட, சாவி பொருந்தாவிட்டால் திறந்த மாதிரி நடிப்பதில்லை.

பதிவேட்டில் எழுதுவது யார்? நாலு பேர் பெயரை எழுதினால் 'உன் கடையில் மட்டும் ஏன் இத்தனை?' என்று மேலிடம் கேட்குமோ என்ற பயம் விற்பனையாளருக்கு. ஆகவே அவரும் ஒரு காலி கேட்ச் ஆகிவிடுகிறார். தலைநகரத் திரையில் எல்லாம் பச்சை.

1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட், கிளம்பிய 40 விநாடிக்குள் சிதறியது. 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் திணித்ததில் வந்த பிழையைப் பிடிக்க அங்கே ஆளில்லை. ஒன்றரை மாதத்தில் விசாரணை அறிக்கை வந்துவிட்டது. ராக்கெட் என்றால் சும்மாவா! அரிசி இல்லாமல் வெறும் பையோடு திரும்புகிறவளுக்கு எந்த நாட்டில் அய்யா விசாரணைக் குழு?

ஒன்று செய்யலாம். இந்த மென்பொருளை எழுதிக் கொடுத்த ஒப்பந்தக்காரர் பில் பாஸாகவில்லையே என்று வந்து நின்றால், காரணம் சொல்லாமல் பத்துத் தடவை திருப்பி அனுப்புங்கள். பதினோராவது தடவை வருவதற்குள் கேட்சுக்குள் என்ன எழுதுவது என்று தானாகக் கற்றுக்கொள்வார்.