மாப்பிள்ளை வாங்கிய முதலை

(பெரம்பூர். மாடி அறையில் இரண்டு ப்ளைவுட் பலகை, அதன்மேல் சுவிட்சர்லாந்து. மலை, சுரங்கம், ஸ்டேஷன், பிளாஸ்டிக் பசு எல்லாம் உண்டு; ஓடுகிற ரயில்தான் இல்லை. மாப்பிள்ளை ஐ.டி. கம்பெனி. மாமனார் எலெக்ட்ரிக் லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திட்ட முடியாத உறவு என்பதால் மாமனாரின் மரியாதையைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும்.)

மாப்பிள்ளை: முதலை படுத்துடுச்சு மாமா.

மாமனார்: எந்த முதலை?

மாப்பிள்ளை: இதுதான். கோத்தார்ட் மலைப்பாதைக்காக 1919ல வந்த என்ஜின். முன்னாலயும் பின்னாலயும் மூக்கு நீண்டிருக்கிறதால முதலைன்னே பேரு. இது ஹெச்.ஓ. மாடல், 87ல ஒரு பங்கு.

மாமனார்: அசல் 128 டன், இங்க ஒரு சாண். சரி, என்ன கோளாறு?

மாப்பிள்ளை: உள்ளே போர்டு அவுட். டிஜிட்டல் டீகோடர் ஆர்டர் போட்டுட்டேன். ஸ்பேர் மோட்டார் ஒண்ணு. சவுண்ட் சிப்பும் சேர்த்து வாங்கினா ஷிப்பிங் மிச்சம்.

மாமனார்: மிச்சம்னா வாங்கித்தானே ஆகணும். போர்டு அவுட்னு எப்படித் தெரிஞ்சுது?

மாப்பிள்ளை: ஓடலையே.

மாமனார்: நல்லவேளை, நீங்க டாக்டருக்குப் படிக்கலை. எங்க ஷெட்ல கோளாறு எதுன்னு பார்க்காம ஸ்டோர்ஸுக்கு இண்டென்ட் போட்டா, பார்ட் வர்றதுக்கு முன்னாடி சார்ஜ் ஷீட் வந்துடும்.

மாப்பிள்ளை: அது 25,000 வோல்ட் சமாச்சாரம் மாமா. இது வெறும் 12 வோல்ட் டி.சி.

மாமனார்: வோல்ட் குறையக் குறைய அழுக்குக்கு மரியாதை ஜாஸ்தி. 25,000 வோல்ட் தூசியைச் சுட்டுட்டுப் போயிடும். 12 வோல்ட் வாசல்ல நின்னு அனுமதி கேட்கும்.

மாப்பிள்ளை: அதனாலதான் டிஜிட்டலுக்கு மாறணும்ங்கறேன்.

மாமனார்: மாறினா இன்னும் நல்லா நிக்கும். சாதா மோட்டாருக்குக் கரண்ட் ஒரு நொடி விட்டுப்போனா லேசா விக்கும், ஓடிடும். டீகோடர் அப்படியா? கண் சிமிட்டற நேரம் சப்ளை போனாலும் முதல்லேர்ந்து எழுந்து உட்கார்ந்து, நான் யாருன்னு யோசிக்கும். உங்க கம்பெனி கம்ப்யூட்டர் மாதிரின்னு சொல்ல வந்தேன், வேண்டாம். தண்டவாளத்துல சப்ளை இருக்கா?

மாப்பிள்ளை: மீட்டர் வெச்சுப் பார்த்தேன். சுத்து முழுக்க 12 காட்டுது.

மாமனார்: மீட்டர் கரண்டே இழுக்காது மாப்ளே. மூட்டை தூக்காதவரை எல்லாரும் பலசாலிதான். பைக் இண்டிகேட்டர் பல்பு ஒண்ணு எடுங்க, 12 வோல்ட் 10 வாட். ரெண்டு ஒயரையும் ரெண்டு தண்டவாளத்துல வெச்சுக்கிட்டே போங்க.

(கண்ட்ரோலர் பக்கத்தில் பல்பு பளிச். சுரங்கம் தாண்டியதும் மங்கல்.)

மாமனார்: இந்த இடத்துல ஃபிஷ் பிளேட் தளர்ந்திருக்கு. பிளையரால லேசா நெருக்குங்க. அப்புறம் நிதானமா தண்டவாளத்துக்கு அடியில ஒரு ஒயர் பத்த வைங்க. இப்ப இந்தக் குட்டி ஷண்டிங் என்ஜினை ஓட்டுங்க.

மாப்பிள்ளை: ஓடுது.

மாமனார்: அப்ப தண்டவாளம் நிரபராதி. முதலையைக் கவுத்துப் போடுங்க. இந்தச் சக்கரத்துல என்ன கறுப்பா?

மாப்பிள்ளை: கிரீச்னு சத்தம் வந்தது, தையல் மெஷின் ஆயில் விட்டேன். அப்புறம் சரியா ஓடலைன்னு உப்புத்தாள் போட்டேன். ஸ்மூத்தா இருக்கட்டுமேன்னு மறுபடி ஆயில்.

மாமனார்: ஒரு கோட்டிங் கூட விட்டு வைக்கலை. எண்ணெய் கரண்டைக் கடத்தாது மாப்ளே. உப்புத்தாள் போட்ட கீறல்ல அழுக்கு குடும்பத்தோட குடியேறும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இருக்கா?

மாப்பிள்ளை: செல்போன் கிளீன் பண்ண வெச்சிருக்கேன்.

மாமனார்: செல்போனுக்கு இருக்கிற யோகம். டிஷ்யூ பேப்பரை நனைச்சுத் தண்டவாளத்துக்குக் குறுக்கே போடுங்க. பாதிச் சக்கரம் பேப்பர்மேல, பாதி தண்டவாளத்துமேல நிக்கட்டும். ஓடற என்ஜினா இருந்தா அதுவே சுத்தித் துடைச்சுக்கும். இது ஓடாததால நீங்க கையால சுத்தணும். இந்த ரப்பர் வளையம் போட்ட சக்கரத்தை விட்டுடுங்க, அது பிடிமானத்துக்கு, கரண்ட் எடுக்காது.

(சுற்றுகிறார். பேப்பர் தார் ரோடு நிறத்துக்கு வருகிறது. தண்டவாளத்தில் வைக்கிறார்கள். முதலை அசையவில்லை.)

மாப்பிள்ளை: பார்த்தீங்களா? போர்டுதான்! ஆர்டர் போட்டது வீண் போகலை.

மாமனார்: சந்தோஷப்படாதீங்க. மேல் கூட்டைக் கழட்டுங்க. மோட்டாரோட ரெண்டு முனையில 9 வோல்ட் பேட்டரியைத் தொடுங்க.

(மோட்டார் விர்ரென்று சுற்றுகிறது.)

மாமனார்: ஸ்பேர் மோட்டார் ரிட்டர்ன் எடுத்துப்பாங்களா? இனி சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் நடுவுலதான் திருடன். மீட்டரை பீப் போடற முனைக்குத் திருப்புங்க. வலது சக்கரத்துல ஒரு ஊசி, மோட்டார்ல ஒண்ணு.

மாப்பிள்ளை: பீப்.

மாமனார்: இடது சக்கரம், மோட்டாரோட அடுத்த முனை.

மாப்பிள்ளை: …

மாமனார்: சக்கரத்தை உரசற பித்தளைத் தகட்டுல வெச்சுப் பாருங்க. அதுலேர்ந்து ஒயர் போர்டுக்கு வர்ற இடம்.

மாப்பிள்ளை: அது வரைக்கும் பீப். அதுக்கப்புறம் இல்லை.

மாமனார்: அந்த இடத்துல ஒரு ஸ்க்ரூ இருக்கே, எதைப் பிடிச்சிட்டு நிக்குது?

மாப்பிள்ளை: எதையும் பிடிக்கலை. லூசா இருக்கேன்னு போன வாரம் நான்தான் கால் சுத்து முறுக்கினேன்.

மாமனார்: கண்ணாடியைக் கொடுங்க. ஒரு பக்கம் தண்டவாளப் படம், மறுபக்கம் பேண்டோகிராஃப் படம். இது ஸ்க்ரூ இல்லை மாப்ளே, ஸ்விட்ச். மேல்கம்பியிலேர்ந்து கரண்ட் எடுக்கணுமா, ரெண்டு தண்டவாளத்துலேர்ந்தும் எடுக்கணுமான்னு கேட்கிற ஸ்விட்ச். இப்ப பேண்டோகிராஃப் பக்கம் நிக்குது.

மாப்பிள்ளை: பேண்டோகிராஃப் சும்மா அழகுக்குன்னு நினைச்சேன்.

மாமனார்: என் சர்வீஸ் முழுக்க அந்த அழகைத்தான் பார்த்துட்டிருந்தேன். வலது தண்டவாளம் ரிட்டர்னுக்குத் தயாரா இருக்கு. வர வேண்டிய கரண்டுக்கு முதலை ஆகாயத்தைப் பார்த்துட்டிருக்கு. கம்பி எங்கே?

மாப்பிள்ளை: கம்பி இல்லை.

(ஸ்விட்சைத் திருப்புகிறார். முதலை ஸ்டேஷனைத் தாண்டி, பசுவைத் தாண்டி, சுரங்கத்துக்குள் போகிறது. மாப்பிள்ளை செல்போனை எடுக்கிறார்.)

மாமனார்: ஆர்டரைக் கேன்சல் பண்றீங்களா?

மாப்பிள்ளை: இல்லை மாமா, மேல்கம்பி பார்க்கிறேன். கம்பம், பிராக்கெட் எல்லாம் செட்டா வருது. ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருந்தாலும் பிரச்சினை இல்லை பாருங்க.

மாமனார்: தாராளமா கட்டுங்க. ஆனா கம்பி வேலைன்னா முதல்ல பவர் பிளாக் வாங்கணும், அது ரூல். கீழே அடுப்படியில என் பொண்ணு இருக்கா, கேட்டுட்டு வாங்க.