இன்னும் ரெண்டு வருஷம் ஓடும் சார்

டிவி கெட்டுப்போனால் உடனே தெரிந்துவிடும் என்று நினைப்பவர்கள், பிக்சர் டியூப் டிவியோடு குடித்தனம் நடத்தாதவர்கள். இன்றைய எல்இடி டிவி ராத்திரி நன்றாக ஓடும்; காலையில் பார்த்தால் போய்ச் சேர்ந்திருக்கும். பழைய டிவிக்கு அந்த அவசரம் கிடையாது. முதலில் படம் வரத் தாமதமாகும். அப்புறம் சத்தம் மட்டும் வரும். பிறகு ஒரு மூலையில் நிறம் மாறும். ‘கெட்டுவிட்டது’ என்று யாரும் துணிந்து அறிவிக்க முடியாதபடி, பல வருஷம் கெட்டுக்கொண்டே இருக்கும்.

எங்கள் வீடு சைதாப்பேட்டையில், பஜார் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில். ஹாலில் இருந்தது 21 அங்குலக் கலர் டிவி. 1996 உலகக் கோப்பை கிரிக்கெட்டுக்காக அப்பா தவணையில் வாங்கியது. கம்பெனியின் பெயர் வேண்டாம். இத்தனை வருஷம் உழைத்த பிறகு குறை சொன்னால் நன்றாக இருக்காது. அந்த அரையிறுதியில் கல்கத்தா ஈடன் கார்டனில் கூட்டம் ரகளை செய்ய, ஆட்டம் பாதியில் நின்றது. மைதானத்தில் யாரும் விளையாடாமல் நிற்பதைப் பார்த்த அப்பா, படம் உறைந்துவிட்டதாக முடிவு செய்து, புத்தம் புது டிவியின் இடது விலாவில் ஓங்கித் தட்டினார். கொஞ்ச நேரத்தில் இலங்கை ஜெயித்ததாக அறிவித்தார்கள். தட்டுக்கும் அறிவிப்புக்கும் தொடர்பில்லை என்று அப்பாவை நம்பவைக்க எங்களால் கடைசிவரை முடியவில்லை.

தட்டினால் டிவி சரியாகும் என்பது மூடநம்பிக்கை அல்ல. உள்ளே இருக்கும் போர்டில் சில பாகங்கள் ஓடும்போது கொதிக்கும், அணைத்தால் குளிரும். வருஷக்கணக்கில் இப்படி விரிந்து சுருங்கியதில் ஈயப்பற்று கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும். மெக்கானிக்குகள் இதை ‘டிரை சால்டர்’ என்பார்கள். வெளியிலிருந்து ஒரு தட்டு விழுந்தால் விரிசல் மறுபடி ஒட்டிக்கொள்ளும், படம் வரும். எந்த இடத்தில், எந்தக் கோணத்தில், எவ்வளவு கோபத்தோடு என்பதில்தான் வித்தை இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு அந்த உரிமை எனக்கு வந்தது. மற்றவர்கள் கைக்கு அது வசப்படவில்லை. என் மைத்துனர் தட்டினால் கரண்ட் போகும்.

மூலையில் வந்த பச்சைத் திட்டு தட்டிச் சரிசெய்கிற வியாதி இல்லை. கலர் டியூபுக்குள் திரைக்குப் பின்னால் மெல்லிய உலோகச் சல்லடை ஒன்று உண்டு. அதில் காந்தம் ஏறிவிட்டால் சிவப்புக்குப் போக வேண்டிய கதிர் பச்சையில் போய் விழும். ஒவ்வொரு தடவை சுவிட்ச் போடும்போதும் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தத்தோடு அந்தக் காந்தத்தை இறக்குவதற்கென்றே ஒரு காயில் இருக்கிறது. அந்தப் பகுதி படுத்துவிட்டால் திட்டு நிரந்தரம். அம்மா பார்க்கிற சீரியலில் மாமியார் எப்போதும் வலது பக்கம் நின்றுதான் சதி செய்வார். முகம் பச்சையாகவே வரும். டைரக்டரே அப்படி வைத்திருக்கிறார் என்று அம்மா ரொம்ப நாள் ரசித்தார். மெக்கானிக் சரிசெய்த பிறகு, “இப்ப அவ மூஞ்சில அந்த வேகம் இல்லைப்பா” என்று குறைப்பட்டுக்கொண்டார்.

எங்கள் மெக்கானிக் வந்ததும் பின்மூடியைக் கழற்றுவார். பிரஷ்ஷால் தூசி தட்டுவார். உள்ளே எட்டிப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். எவ்வளவு ஆகும் என்பது அந்தப் பெருமூச்சின் நீளத்தில் தெரிந்துவிடும். நான் கிட்டே போனால், “கைய வெச்சிடாதீங்க சார், உள்ள இருபத்தஞ்சாயிரம் வோல்ட்டு” என்பார். இது உண்மை. கலர் டியூபுக்கு அவ்வளவு வேண்டும்; அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் டியூபில் தேங்கி நிற்கும். அவர் பில்லைப் பற்றி நான் வாதாடாததற்கு இந்த வோல்ட்டேஜும் ஒரு காரணம். வேலை முடிந்ததும் ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு சொல்வார்: “இன்னும் ரெண்டு வருஷம் ஓடும் சார்.” எந்த வருஷம் சொன்னாலும் அதே இரண்டு வருஷம்தான்.

மேல் போர்ஷனில் ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரி ஒருவர் இருக்கிறார். அவரிடம் இதற்கு ஒரு விதி இருந்தது. “ரிப்பேர் செலவு புதுசோட விலையில பாதியைத் தாண்டிச்சுன்னா தூக்கிப் போட்டுடணும் சார். யோசிக்கவே கூடாது.” அருமையான விதி. சிக்கல் என்னவென்றால், எங்கள் டிவி அந்தப் பாதியைத் தாண்டியதே இல்லை. ஐந்நூறு, எழுநூறு, மிஞ்சிப்போனால் ஆயிரத்து இருநூறு. என் மனைவி ஒவ்வொரு பில்லையும் தினசரி காலண்டர் தாளின் பின்புறம், பால் கணக்குக்குக் கீழே எழுதி வைத்திருந்தாள். ஒரு நாள் கூட்டிப் பார்த்ததில் ஒரு புது டிவியும் அதை வைக்க ஒரு ஸ்டாண்டும் வந்தன. தாளை எடுத்துக்கொண்டு மேலே போனேன். “இதெல்லாம் போனது போச்சு சார், சேர்க்கக் கூடாது. அடுத்த ரிப்பேர் மட்டும்தான் கணக்கு” என்று அடித்துச் சொல்லிவிட்டார். இந்தத் தர்க்கப்படி எங்கள் டிவிக்குச் சாவே கிடையாது. மார்க்கண்டேயனுக்கு என்றும் பதினாறு என்கிற மாதிரி, இதற்கு என்றும் இன்னும் இரண்டு வருஷம்.

சரி, மின்சாரத்தைக் கொண்டு முடிவு செய்யலாம் என்று உட்கார்ந்தேன். பழையதற்கும் 32 அங்குல எல்இடிக்கும் சுமார் 40 வாட் வித்தியாசம். தினம் நாலு மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் பத்து யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சமாகும். நம் ஊர் ஸ்லாபில் அது ஐம்பது, அறுபது ரூபாய். புது டிவி பன்னிரண்டாயிரம் என்று வைத்துக்கொண்டால், போட்ட பணம் திரும்ப முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகும். டிவி இருக்கட்டும், எனக்கே அவ்வளவு வாரண்டி கிடையாது.

இந்தக் கணக்கு எதுவும் அம்மாவைத் தொடவில்லை. அவருடைய ஆட்சேபம் வேறு திசையிலிருந்து வந்தது. “தட்டை டிவிக்கு மேல்பக்கம் எங்கடா இருக்கு?” யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். பிக்சர் டியூப் டிவியின் தலை ஒரு அலமாரி. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை, கரண்ட் அட்டை, போக வேண்டிய கல்யாணப் பத்திரிகைகள், அம்மாவின் மூக்குக் கண்ணாடி எல்லாம் அங்கேதான். 2003 செப்டம்பரில் கேபிளில் கட்டணச் சேனல் பார்க்க செட் டாப் பாக்ஸ் கட்டாயம் என்ற முறை நாட்டிலேயே முதலில் சென்னையில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பெட்டி வந்ததும் பொம்மை கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது. புது டிவியின் தலையில் ஒரு தீப்பெட்டிகூட நிற்காது.

அது போக, டிவிக்கு ஒரு தியாக வரலாறும் இருந்தது. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி சைதாப்பேட்டைக்குள் வந்தபோது, தண்ணீர் எங்கள் வாசற்படி ஏறுவதற்குள் நானும் என் மகனும் அதைப் பரணில் ஏற்றினோம். 21 அங்குல டிவி இருபது கிலோவுக்குக் குறையாது. பிரிட்ஜை ஏற்ற ஆளில்லை. அது நனைந்து வீணானது. பிரிட்ஜை விட்டுவிட்டு டிவியைக் காப்பாற்றிய குடும்பம், பின்னாளில் எந்த முகத்தோடு அதைத் தூக்கிப் போடும்?

எதிர் வீட்டைப் பார்த்தால் வயிறு வேறு எரியும். 2006-ல் அறிவித்து அரசு கொடுத்த 14 அங்குல இலவசக் கலர் டிவி அங்கே ஒரு தட்டு வாங்காமல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தவணை கட்டி வாங்கியதற்குத்தான் சீக்கு.

மகன் மட்டும் ஆரம்பத்திலிருந்து ஒரே கட்சி. அவனுக்கு 43 அங்குலம் வேண்டும். முன்பெல்லாம் 32 அங்குலத்துக்கு மேல் போனால் ஜிஎஸ்டி 28 சதவீதம் என்று சொல்லி அவனை அடக்கி வைத்திருந்தேன். 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா அளவுக்கும் 18 என்று ஆக்கிவிட்டார்கள். “கவர்மென்ட்டே வாங்கச் சொல்லுதுப்பா” என்றான். மத்திய அரசு என் வீட்டு விவகாரத்தில் நேரடியாகத் தலையிட்டது அதுதான் முதல் தடவை.

இப்படி நாலு பேரும் நாலு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு சாயங்காலம் படம் சட்டென்று சுருங்கி, திரையின் நடுவே ஒரு வெள்ளைக் கோடாகிவிட்டது. அம்மா பதறவில்லை. 1975 ஆகஸ்ட் 15-ல் மெட்ராஸ் தூர்தர்ஷன் தொடங்கியதிலிருந்து பார்க்கிறவர். படம் போனால் முதலில் நிலையத்தைத்தான் சந்தேகிப்பார். “இரு, ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’னு போடுவாங்க.” யாரும் வருந்தவில்லை. கதிரை மேலிருந்து கீழே இழுக்கிற ஐசி போய்விட்டால் எல்லா வரிகளும் ஒரே வரியில் வந்து விழும். அன்றைய சீரியல் முழுவதும் அந்த ஒரு கோட்டுக்குள் நடந்து முடிந்தது. சத்தம் மட்டும் தெளிவாக வந்தது. கதை புரிந்ததா என்று கேட்டேன். “புரியாம என்ன?” என்றார் அம்மா.

மெக்கானிக் வந்தார். பெருமூச்சு நடுத்தரமாகத்தான் இருந்தது. “வெர்ட்டிகல் ஐசி சார். போட்டுடலாம்.” நான் விடவில்லை. “நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? உண்மையச் சொல்லுங்க.” அவர் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்தார். கொஞ்சம் வெட்கப்பட்டார். “நான் போன தீபாவளிக்கே வீட்ல எல்இடி மாட்டிட்டேன் சார்.”

அதற்கு மேல் விவாதம் இல்லை. பழையதை என்ன செய்வது என்பதுதான் பாக்கி. மகன் காயலான் கடையில் விசாரித்தான். கடைக்காரர் டியூபின் கழுத்தில் இருக்கும் யோக்கில் செம்பு எவ்வளவு தேறும் என்று மட்டும் கேட்டார். “கண்ணாடியை நீங்களே வெச்சுக்கங்க தம்பி.” அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. முன்பு அதை உருக்கிப் புது டியூப் செய்தார்கள். இப்போது டியூபே யாருக்கும் வேண்டாம் என்றானதும் கண்ணாடிக்கும் கிராக்கி போனது. குப்பைத் தொட்டியில் போடவும் கூடாது. 2012-லிருந்து மின்னணுக் கழிவுக்குத் தனிச் சட்டவிதிகள் இருக்கின்றன.

மிச்சமிருந்தது எக்ஸ்சேஞ்ச். தி.நகரில் ஒரு கடையில் பழைய டிவிக்கு ஆயிரத்து ஐந்நூறு கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். நான் சந்தோஷமாகத் தலையாட்டும்போது விற்பனைப் பையன் சேர்த்துச் சொன்னான்: “வொர்க்கிங் கண்டிஷன்ல இருக்கணும் சார்.”

ஆக, தூக்கிப் போடுவதா சரிசெய்வதா என்று இத்தனை வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டது வீண். தூக்கிப் போட வேண்டுமானால் சரிசெய்தாக வேண்டும். மேல் போர்ஷன்காரரிடம் சொன்னேன். செலவு நானூற்று ஐம்பது, வரவு ஆயிரத்து ஐந்நூறு. அவர் எங்கள் டிவியைப் பற்றி முதல் தடவையாக முகம் மலர்ந்தார்.

ஐசி இங்கே கிடைக்காது, ரிச்சி தெருவுக்குத்தான் போக வேண்டும் என்று மெக்கானிக் சீட்டில் ‘எல்ஏ 7840’ என்று எழுதிக் கொடுத்தார். மெட்ரோவில் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்தேன். கடைக்குக் கடை எல்இடி பேக்லைட் பட்டைகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. நேற்று வாங்கிய டிவிகளுக்கெல்லாம் இவ்வளவு உதிரிபாகம் எதற்கு என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சீட்டைப் பார்த்தவர்கள் எல்லாரும் அடுத்த கடையைக் காட்டினார்கள். கடைசியில் ஒரு பெரியவர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, இழுப்பறைக்குள் பார்க்காமலே கைவிட்டு எடுத்துக் கொடுத்தார். ஐசியைவிட நான் குடித்த சாத்துக்குடி ஜூஸ் விலை அதிகம்.

ஐசி போட்டதும் படம் வந்தது. வாங்கின நாளில்கூட அப்படி வந்ததில்லை. மூலைக்கு மூலை சுத்தமான நிறம். நான் தி.நகர் கடைக்கு போன் செய்யப் போனபோது அம்மா டிவிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“நல்லா ஓடுற பொருளை யாராவது எடுத்துக் குடுப்பாங்களாடா?”

இதற்கு என்னிடமும் பதில் இல்லை, கணக்கு அதிகாரியிடமும் இல்லை. முழு விலை கொடுத்து 43 அங்குலம் வாங்கிச் சுவரில் மாட்டினோம். பழையது தலையாட்டி பொம்மையோடு அம்மாவின் அறைக்குப் போனது. ஒரு டிவியா இன்னொரு டிவியா என்று தொடங்கிய பேச்சு, இரண்டு டிவி, இரண்டு கேபிள் இணைப்பு, மாதம் இரண்டு சந்தா என்று முடிந்தது. மின்சாரக் கணக்கை மட்டும் நான் மறுபடி போட்டுப் பார்க்கவில்லை.

பழைய டிவிக்கு அறையில் வயர் இழுக்க வந்த மெக்கானிக், புதுசைப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். “பேனல் போச்சுன்னா தொடாதீங்க சார், டிவி விலையில பெரும்பங்கு அதுதான். பேக்லைட்டுன்னா பாத்துக்கலாம். வாரண்டி எவ்வளவு?”

“ஒரு வருஷம்.”

தலையை ஆட்டிவிட்டு போனை எடுத்தார். இத்தனை காலமாக அதில் என் பெயர் ‘21 இன்ச் சார்’ என்று பதிந்திருந்தது. அதை அழித்துவிட்டு, எனக்குத் தெரியும்படியே ‘43 இன்ச் சார்’ என்று மாற்றிக்கொண்டார்.