ஈ காக்கா இல்லாத ஊர்

பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவனைக் கண்டால் உலகத்தில் எல்லோருக்கும் தோன்றும் யோசனை ஒன்றுதான்: எங்காவது அமைதியான ஊருக்குப் போய் இருந்துவிட்டு வாருங்கள். மாட்ரிட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் ஒருபடி மேலே போய் ஊரையே பிடித்துக் கொடுத்தான். "தெற்கே ஹாயேன் மாகாணம், சித்தப்பா. மாஹினா மலையடிவாரத்துல ஒரு கிராமம். ஈ காக்கா சத்தம் இருக்காது. நாலு நாள் இருந்தீங்கன்னா மாத்திரையைத் தூக்கிப் போட்டுடலாம்." அவன் சொன்னதில் ஈ, காக்கா சம்பந்தப்பட்ட பகுதி முழு உண்மை. நவம்பர் கடைசிக் குளிரில் ஈ இல்லை. காக்காயும் என் கண்ணில் படவில்லை.

மாட்ரிட்டிலிருந்து தெற்கே வரும் சாலையில் தெஸ்பென்யபெர்ரோஸ் என்று ஒரு கணவாய். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கணவாய் முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டியதும் ஆலிவ் ஆரம்பம். மேட்டில் ஆலிவ், பள்ளத்தில் ஆலிவ், கல்லறைத் தோட்டத்துச் சுவர் வரைக்கும் ஆலிவ். மாகாணத்தில் ஆறு கோடிக்கு மேல் ஆலிவ் மரங்கள். மனிதர்கள் ஆறு லட்சத்துச் சொச்சம். தலைக்கு நூறு மரம். உலகத்திலேயே அதிகமாக ஆலிவ் எண்ணெய் ஆட்டும் நாடு ஸ்பெயின். மழை ஏமாற்றாத வருஷங்களில் அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இந்த ஒரு மாகாணம் கொடுத்துவிடும். இத்தனை மரத்தைப் பார்க்கும்போது முதல் அரைமணி நேரம் பரவசமாக இருக்கிறது. அடுத்த அரைமணி நேரம் தூக்கம் வருகிறது. அண்ணன் மகன் தூங்கவில்லை. வண்டி ஓட்டியது அவன்தான்.

நாங்கள் தங்கிய வீட்டின் சொந்தக்கார அம்மாளுக்கு எண்பதை ஒட்டிய வயது. கீழ்க்கட்டில் ஒரு வட்ட மேஜை, அதன்மேல் தரைவரை தொங்கும் கனத்த துணி, அடியில் ஒரு மின்கணப்பு. காலை உள்ளே விட்டுக்கொண்டு, துணியை மடிமேல் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் கரி போட்டுக் கனல வைப்பார்களாம். இடுப்புக்குக் கீழே சித்திரை, மேலே மார்கழி. ஊர்வம்பு அத்தனையும் ஏன் இந்த மேஜையைச் சுற்றியே நடக்கிறது என்பது உட்கார்ந்தபோதுதான் விளங்கியது. ஒருத்தராலும் எழுந்து போக முடியாது.

காலை ஏழு மணிக்கு ஜன்னலுக்குக் கீழே முதல் டிராக்டர் கிளம்பியது. அந்த மாதத்தில் சூரியனே எட்டு மணிக்குத்தான் வருகிறது. அறுவடைக்காரர்கள் அதற்காகக் காத்திருப்பதில்லை. அமைதியான ஊர் என்று சொன்னவன், அறுவடை மாதம் என்பதைச் சொல்லவில்லை. மரத்தடியில் வலையை விரிப்பார்கள். டிராக்டரிலிருந்து ஓர் இரும்புக் கை நீண்டு அடிமரத்தைப் பிடித்து உலுக்கும். வேப்பிலை அடித்ததும் சாமி வந்தவரைப் போல மரம் ஆடும். சில நொடிகளில் காயெல்லாம் வலையில். மிச்சத்தை நீளக் கம்பால் தட்டி இறக்குவார்கள். உதிர்ந்த இலையைத் தள்ள முதுகில் மாட்டிய ஊதுகுழல் எந்திரம் வேறு. தோப்புக்கு ஐந்தாறு பேர், தோப்பு நூற்றுக்கணக்கில். என் பி.பி.யைப் பற்றி அவர்களில் ஒருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பத்து மணிக்கு ரொட்டி வண்டி. தெருமுனையில் நின்று ஹாரனை அமுக்கினால், வீட்டுக்கு ஒரு அம்மாள் அங்கியோடு வெளியே வரும்வரை கையை எடுப்பதில்லை. அதன் பின்னால் சோபாவுக்கும் நாற்காலிக்கும் உறை மாற்றித் தருகிறவரின் வேன். 'வந்துவிட்டார்' என்று ஒலிபெருக்கியில் ஒரு பதிவுக் குரல். ஸ்பெயின்காரர்கள் அத்தனை பேருக்கும் அது மனப்பாடம். அவர் போனதும் கத்தி சாணை பிடிப்பவர், வரிசைத் துளைக் குழலை ஊதிக்கொண்டு மோட்டார் சைக்கிளில். கத்தி மழுங்கிய வீடு எத்தனை இருக்கும் என்று தெரியாது. குழல் சத்தம் எல்லா வீட்டுக்கும்தான்.

இரண்டு மணிக்கு எல்லாம் நின்றது. கடைகள் ஷட்டரை இறக்கின, நாய்கள் படுத்தன. மாலை ஐந்து வரை தெருவில் என் செருப்புச் சத்தம் மட்டும். விளம்பரம் செய்யப்பட்ட அமைதி வந்தேவிட்டது. கட்டிலில் படுத்து அதைக் கேட்டேன். வெறும் அமைதியில் எனக்குத் தூக்கம் வராது. மேலே மின்விசிறி கடகடவென்று ஓடவேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். எங்கள் வீட்டில் ஆலிவ் எண்ணெய் என்றால் மருந்துக்கடையில் சின்னப் புட்டியாக வாங்கி, கைக்குழந்தைக்குத் தேய்த்துக் குளிப்பாட்டுவது. இங்கே காலையில் வாட்டிய ரொட்டிமேல் துருவிய தக்காளி, உப்பு. அதற்குமேல் ரொட்டி மூழ்கும்வரை எண்ணெய். போதும் என்று கையைக் காட்டினால் கடைக்காரர் 'இன்னும் கொஞ்சம்' என்று எடுத்துக்கொள்கிறார். மாதம் அரை லிட்டருக்கு மேல் கூடாது என்று எனக்கு எழுதிக் கொடுத்த டாக்டரை அங்கே நினைக்கவே கூச்சமாக இருந்தது. இரவு எட்டரைக்கு முன்னால் அடுப்பு மூட்டுவதில்லை. நானோ ஏழு மணிக்கே பசிக்கிற ரகம். நல்லவேளை, ஹாயேனில் எதைக் குடிக்கக் கேட்டாலும் கூடவே ஒரு தட்டு தீனி இனாம். ஒரு சோடாவுக்கு உருளைக்கிழங்கு, அடுத்த சோடாவுக்கு வறுத்த நெத்திலி. சோடா குடித்தே இராச்சாப்பாட்டை முடித்தேன். பக்கத்து மேஜையில் நான்கு பெரியவர்கள் டோமினோ ஆடினார்கள். அந்த ஆட்டத்தில் கட்டையை வைப்பது கிடையாது, அறைவதுதான்.

அண்ணன் மகன் பல வருஷமாக பீட்சாவில் ஆலிவ் தின்று வளர்ந்தவன். தோப்பில் கறுகறுவென்று பழுத்துத் தொங்கியதைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டான். மரத்திலிருந்து நேரே பறித்த ஆலிவில் ஒலியூரோபீன் என்றொரு கசப்பு உண்டு. வாரக்கணக்கில் தண்ணீரிலும் உப்புநீரிலும் ஊறினால்தான் அது இறங்கும். நிலவேம்புக் கஷாயம் குடித்த முகத்தோடு அவன் சுற்றிச் சுற்றி நடந்ததை, தோப்புக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு ரசித்தார்கள். வேலை நேரத்தில் டிராக்டர் ஓய்ந்த ஒரே பொழுது அது.

கூட்டுறவு ஆலை ராத்திரியும் தூங்குவதில்லை. பறித்த காயை மறுநாளுக்குள் ஆட்டாவிட்டால் எண்ணெயின் தரம் கெட்டுவிடும். அதனால் வாசலில் டிராக்டர் வரிசை நள்ளிரவிலும் நகர்கிறது. ஏறக்குறைய ஐந்து கிலோ காய்க்கு ஒரு கிலோ எண்ணெய். உள்ளே தக்காளிச் செடியின் இலையைக் கசக்கினால் வரும் பச்சை வாசனை. அந்த மாகாணத்து மரங்களில் பெரும்பாலானவை பிக்குவால் ரகம், அதன் வாசனை அப்படித்தான். ஒருவர் நீலக் கண்ணாடிக் கிண்ணத்தில் புது எண்ணெய் கொடுத்தார். எண்ணெயின் நிறத்தைப் பார்த்து மயங்கக்கூடாது என்பதற்காக நீலக் கிண்ணமாம். உள்ளங்கையால் மூடிச் சூடாக்கி, மோந்து பார்த்து, சத்தமாக உறிஞ்ச வேண்டும். சத்தம் போடாமல் குடி என்று அம்மா சிறுவயதில் கொடுத்த பயிற்சி அத்தனையும் வீண்.

உறிஞ்சிய மறுகணம் தொண்டையில் மிளகு அரைத்ததுபோல் ஒரு காந்தல். நான் இருமினேன், அண்ணன் மகன் இருமினான், கொடுத்தவர் முகம் மலர்ந்தது. இருமல் வந்தால் நல்ல எண்ணெய். இரண்டு இருமல் வந்தால் ரொம்ப நல்ல எண்ணெய். சிசிலியில் புது எண்ணெய் குடித்த அமெரிக்க விஞ்ஞானி கேரி போஷாம்ப், இதே காந்தலைத் திரவ ஐபுபுரோஃபென் மருந்தில் அனுபவித்தது ஞாபகம் வந்து ஆராயப் போக, அந்தப் பொருளுக்கு ஒலியோகாந்தல் என்று பெயர் வைத்து 2005இல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. இருமலுக்குச் சான்றிதழ் கிடைத்தது அப்படித்தான்.

2022 மழை பொய்த்ததில் அடுத்த அறுவடை பாதிக்கும் கீழே போய்விட்டது. லிட்டர் விலை பத்து யூரோ பக்கம் ஏறியபோது, ஸ்பெயினின் சூப்பர் மார்க்கெட்டுகளில் எண்ணெய் பாட்டிலுக்குத் திருட்டுத் தடுப்புப் பூட்டு மாட்டினார்கள். சாராயத்துக்கு மாட்டுவதை எண்ணெய்க்கு மாட்டிவிட்டார்களே என்று வீட்டுக்கார அம்மாளுக்கு இன்னும் ஆறவில்லை.

பக்கத்தில் பாயேஸா என்ற பழைய நகரத்துக்கும் ஒருநாள் போனோம். மனைவியைப் பறிகொடுத்த கவிஞர் அந்தோனியோ மச்சாதோ 1912இல் அங்கே பிரெஞ்சு வாத்தியாராக வந்து 1919 வரை இருந்தார். ஊரில் படிக்கத் தெரிந்தவர்களே குறைவு என்று அறிஞர் உனமுனோவுக்குக் கடிதத்தில் புலம்பியவர். இப்போது வெண்கலச் சிலையாகத் தெருப் பெஞ்சில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து செல்ஃபி எடுக்கிறார்கள். புத்தகத்தை எட்டிப் பார்ப்பவர் ஒருவரும் இல்லை.

அமைதி தேடி நாம் காசு செலவழித்துப் போகிற ஊர்க்காரர்களுக்கு அந்த அமைதியே ஆகவில்லை. இளவட்டங்கள் பிழைப்புக்கு ஊரைவிட்டுப் போய்ப் போய், வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. 2019 மார்ச் 31 அன்று, காலியாகிப்போன உள்நாட்டுப் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் மாட்ரிட்டில் திரண்டு சத்தம் போட்டார்கள். எங்கள் ஊர்களில் சத்தம் இல்லை என்பதுதான் புகார். அதைக் கேள்விப்பட்ட பிறகு டோமினோ அறைச்சலை நான் கொஞ்சம் மரியாதையோடு கேட்டேன்.

சதுக்கத்துப் பெஞ்சில் தொப்பியோடு ஒரு பெரியவர். எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ யார் வீட்டுப் பையன்?" என்று அண்ணன் மகனைக் கேட்டார். அந்த ஊரில் எல்லோரையும் அப்படித்தான் கேட்பார்களாம். இந்தியா என்றான். அது அவருக்குப் போதவில்லை. பார்சிலோனாவில் இருக்கும் தன் இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். தனக்கு நானூறு மரம் என்றார். அங்கே ஒருவரின் சொத்தை ஏக்கரில் சொல்வதில்லை, மரத்தில் சொல்கிறார்கள். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு எத்தனை மரம்னு கேக்கறார், சித்தப்பா."

"கொல்லையில ஒரு முருங்கை இருக்குன்னு சொல்லு."

அவன் சொன்னான். செல்போனில் படமும் காட்டினான். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தை விரலால் பெரிதாக்கி, காயின் நீளத்தைப் பார்த்து மலைத்தார். பக்கத்துப் பெஞ்சிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். ஒரு வருஷத்துக்கு எவ்வளவு எண்ணெய் வரும் என்று கேட்டார் பெரியவர். நாங்கள் காயைச் சாம்பாரில் போடுவோம், கீரையைப் பொரியல் செய்வோம், எண்ணெய் எடுப்பதில்லை என்றோம். மூவரும் கலந்து பேசினார்கள். பேச்சு நீண்டு வாக்குவாதமாகி, நான்காவதாக ஒருவரும் வந்து சேர்ந்தார். கடைசியில் பெரியவர் ஒரு முடிவுக்கு வந்து, என் தோளைத் தட்டி என்னவோ சொன்னார்.

"என்னடா சொல்றார்?"

"எண்ணெய் வராததை எதுக்கு மரம்னு சொல்லிக்கிட்டு இருக்கீங்கன்னு கேக்கறார், சித்தப்பா."